வட ஆற்காட்டில் முடிந்த கொள்ளைநோய்

மனித முயற்சியால் உலகிலிருந்து அடியோடு ஒழிந்த நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை. இன்னொன்றின் இந்தியக் கதை தமிழ்நாட்டில்தான் முடிந்தது. அது நமக்கே தெரியாமல் போனது எப்படி?

2011 ஜூன் 28, ரோம். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் மாநாட்டில் உறுப்பு நாடுகள் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றின. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவந்த வெக்கை நோய் இனி உலகில் எங்கும் இல்லை என்பதுதான் அது. பெரியம்மைக்கு அடுத்து அடியோடு ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய். மூன்றாவது இன்றுவரை இல்லை.

அந்த நாட்களில் தமிழ்நாட்டுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆட்சி மாறி ஆறு வாரம் ஆகியிருந்தது. 2ஜி வழக்கில் யார் உள்ளே, யார் வெளியே என்று டீக்கடை பெஞ்சு வரை விவாதம். சமச்சீர்க் கல்விப் புத்தகம் வருமா வராதா என்று தெரியாமல் பள்ளிக்கூடங்கள் தவித்துக்கொண்டிருந்தன. தேர்தல் அறிக்கையில் சொன்ன விலையில்லா ஆடும் கறவை மாடும் எப்போது கிடைக்கும் என்று கிராமங்கள் காத்திருந்தன. ரோமிலிருந்து வந்த சேதி பெரும்பாலானவர்கள் காதில் விழவே இல்லை.

இத்தனைக்கும் அந்தச் சேதியில் நமக்கு நேரடிப் பங்கு உண்டு. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தலைகாட்டிய இடம் அன்றைய வட ஆற்காடு மாவட்டம். ஆண்டு 1995. அதற்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு மாடுகூட அந்த நோயால் சாகவில்லை.

பல நூற்றாண்டுகளாகக் கிராமங்களைப் பட்டினி போட்ட ஒரு நோய் எப்படி ஒழிந்தது? ஒழிந்த பிறகு ஏன் யாரும் அதைப் பேசவில்லை? பேசாமல் விட்டதில் நமக்கு என்ன நஷ்டம்?

பத்தே நாளில் காலியான தொழுவங்கள்

முதல் நாள் மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கும். அசைபோடுவது நிற்கும். தொட்டால் உடம்பு கொதிக்கும். கறவையாக இருந்தால் பால் சட்டென்று வற்றும். சினையாக இருந்தால் கன்று வீசும். இரண்டு மூன்று நாளில் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியத் தொடங்கி, போகப் போகச் சீழாகக் கெட்டிப்படும். வாயைத் திறந்து பார்த்தால் ஈறிலும் நாக்கின் அடியிலும் தவிட்டைத் தூவியது போல வெளுத்த திட்டுகள். விரலால் வழித்தால் அவை உரிந்துவந்து, அடியில் சிவந்த புண் தெரியும். எச்சில் நூல் நூலாக ஒழுகும்.

அடுத்தது கழிச்சல். ரத்தமும் சளியும் கலந்து, கிட்டே நிற்க முடியாத நாற்றத்தோடு பீய்ச்சியடிக்கும். உடம்பில் உள்ள நீரெல்லாம் வெளியேறி, கண் குழி விழுந்து, மாடு படுத்துவிடும். படுத்த மாடு பெரும்பாலும் எழாது. காய்ச்சல் கண்ட நாளிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். இந்த நோயை அதுவரை கண்டிராத மந்தையாக இருந்தால் பத்து மாட்டில் எட்டு, ஒன்பது சாகும். மருந்து எதுவும் கிடையாது.

வெக்கை நோயை உண்டாக்கிய வைரஸ் நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். மனிதர்கள் மாடுகளோடு ஒட்டி வாழத் தொடங்கிய காலத்தில் மாட்டிலிருந்து தாவி, காலப்போக்கில் உருமாறியதுதான் தட்டம்மை என்பது ஆய்வாளர்களின் கருத்து.

டிராக்டரும் பம்புசெட்டும் வருவதற்கு முந்தைய கிராமத்தில் தொழுவம் காலியானால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஏர் பூட்ட ஆள் இருந்தும் மாடு இல்லை. கவலை இறைக்க மாடு இல்லை. வண்டி ஓடாது, எரு கிடைக்காது, பிள்ளைக்குப் பால் இல்லை. மழை நன்றாகப் பெய்தாலும் நிலம் தரிசாகக் கிடக்கும். மாட்டைக் கொன்ற நோய், அடுத்த போகத்தில் மனிதர்களைப் பட்டினி போட்டது.

ஆப்பிரிக்கா இதை மிகக் கொடூரமாக அனுபவித்தது. 1887 வாக்கில் இத்தாலியப் படைக்காக இன்றைய எரித்திரியாவின் மசாவா துறைமுகத்தில் இறக்கப்பட்ட மாடுகள் வழியாக நோய் உள்ளே நுழைந்தது. அவை இந்தியாவிலிருந்து போனவை என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பத்தே ஆண்டுகளில் நோய் கண்டத்தின் தென்கோடியை எட்டியது. கிழக்கிலும் தெற்கிலும் மாடுகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது மடிந்தன. அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் எத்தியோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு.

ஐரோப்பா பயந்து பயந்து கற்றுக்கொண்டது. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டதற்கு முக்கியக் காரணம் இந்த நோய்தான். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. அவற்றோடு வெக்கையும் இறங்கியது. அந்த அதிர்ச்சியில் நாடுகள் கூடிப் பேசி, 1924இல் பாரிஸில் கால்நடை நோய்களுக்கென ஓர் உலக அமைப்பைத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனத்தைவிட அது வயதில் மூத்தது.

முக்தேஸ்வரின் ஆடு, ராணிப்பேட்டையின் ஊசி

ஆங்கிலேயர் காலத்திலேயே இந்தியாவில் இந்த நோய் அரசைத் தூங்கவிடவில்லை. கால்நடைக் கொள்ளைநோய்கள் பற்றி விசாரித்த குழுவின் அறிக்கை 1871இல் வெளியானது. 1889இல் புனேயில் தொடங்கிய ஆய்வுக்கூடம், சில ஆண்டுகளில் இமயமலைத் தொடரில் உள்ள முக்தேஸ்வருக்கு மாற்றப்பட்டது. கொடிய நோய்க்கிருமியை வைத்து வேலை செய்ய வேண்டும். அது தப்பிப் போனாலும் ஊர் மாடுகளை எட்டக் கூடாது. அதற்கு அந்தத் தனித்த மலை வசதியாக இருந்தது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் அதுதான்.

அங்கே 1920களில் ஜே.டி.எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மாட்டின் கிருமியை ஆட்டின் உடலில் செலுத்தினார். அந்த ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று கடத்திக்கொண்டே போனார். ஆட்டுக்குப் பழகப் பழக, மாட்டைக் கொல்லும் வீரியம் கிருமியிடம் குறைந்தது. ஆனால் மாட்டின் உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டு, ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொண்டது. ஆட்டுத் திசுத் தடுப்பூசி இப்படித்தான் பிறந்தது. விலை மலிவு, செய்வது எளிது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கோடிக்கணக்கான மாடுகளை அது காப்பாற்றியது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஒரு விலாசம் உண்டு. வேலூருக்குப் பக்கத்தில், ராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டுக் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்துகள் அங்கிருந்து போயிருக்கின்றன. அந்த நிலையம் இருந்ததும் அதே வட ஆற்காட்டில்தான். தடுப்பூசி செய்த மண்ணிலேயே நோய் கடைசி மூச்சை விட்டது.

ஆட்டுத் திசுத் தடுப்பூசியில் ஒரு சிக்கல் இருந்தது. நாட்டு மாடு அதைத் தாங்கியது. கலப்பின மாட்டுக்கு அது கடுமை. பால் உற்பத்திக்காக ஜெர்சி கலப்பினங்கள் பெருகிய காலத்தில் வேறு ஊசி தேவைப்பட்டது. கென்யாவில் வேலை பார்த்த வால்டர் ப்ளோரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர், கிருமியை ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களில் வளர்த்துப் பாதுகாப்பான தடுப்பூசியை 1960 வாக்கில் உருவாக்கினார். எந்த இன மாட்டுக்கும் போடலாம், எந்த வயதிலும் போடலாம். 1999இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஊசிக் கணக்கும் நோய்க் கணக்கும்

சுதந்திர இந்தியா 1954இல் தேசிய அளவில் வெக்கை ஒழிப்பில் இறங்கியது. காலையில் மாடு மேய்ச்சலுக்குப் போகுமுன் ஊருக்குள் நுழைய வேண்டும். மந்தைவெளியில் மாடுகளைச் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த மருந்துத் தூளைக் குளிர்ந்த உப்புநீரில் கரைத்து, சில மணி நேரத்துக்குள் ஊசி போட்டு முடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மருந்து வீணாகிவிடும். ஒருவர் கொம்பைப் பிடிக்க, ஒருவர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்க, கால்நடை ஆய்வாளர் தோலுக்கடியில் ஊசி போட்டுவிட்டு அடுத்த மாட்டுக்கு நகர்வார். உதை வாங்காமல் திரும்பிய நாள் குறைவு. ‘மாட்டாஸ்பத்திரிக்காரர்’ என்றே ஊரில் பெயர்.

நோய் வேகமாகக் குறைந்தது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் குறைய மறுத்தது. ஆண்டுக்கு ஆண்டு கோடிக்கணக்கில் ஊசி போட்ட கணக்கு மேலிடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நோயும் வந்துகொண்டே இருந்தது. தென் மாநிலங்கள்தான் அதன் கடைசிக் கோட்டை.

காரணங்களைத் தேடியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, மாடுகளின் நடமாட்டம். தென்னிந்தியாவில் மாட்டு வியாபாரம் மாநில எல்லை பார்ப்பதில்லை. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் வாங்கிய மாடுகள் தமிழ்நாட்டுச் சந்தைகள் வழியாகக் கேரளாவுக்குப் போகும். பொள்ளாச்சி போன்ற சந்தையில் ஒரு நாளில் எத்தனையோ ஊர் மாடுகள் ஒன்றோடொன்று மூச்சுவிட்டு நிற்கும். ஓர் ஊரில் ஊசி போட்டு முடித்த மறுவாரம் வேறு ஊர் மாடு வந்து சேரும். இரண்டாவது, ஊசி எண்ணிக்கையை மட்டும் பார்த்தது. எத்தனை ஊசி போட்டோம் என்று தெரிந்தது. எந்தப் பாதையில் நோய் நகர்கிறது என்று தெரியவில்லை.

1992இல் ஐரோப்பிய சமூகத்தின் உதவியோடு திட்டம் புதிதாக வகுக்கப்பட்டது. நோய் நிலவரத்தை வைத்து நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. நோய் ஒட்டிக்கொண்டிருந்த தென் மண்டலத்தில் ஊசி தீவிரமானது. நோய் விலகிய இடங்களில் கண்காணிப்புக்கு முக்கியத்துவம் வந்தது. எல்லைகளில் சோதனைச் சாவடிகள், மாட்டுப் பாதைகளில் தேடல், ஊர் ஊராகப் போய் விசாரிப்பு. கேள்வி எளிமையானது: வாயில் புண், கழிச்சல், அடுத்தடுத்துச் சாவு, மூன்றும் சேர்ந்து எங்கேயாவது பார்த்தீர்களா? கால்நடை மருந்தகங்களின் தினசரிப் பதிவேடுகளைப் புரட்டி, சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு வரியையும் அடையாளம் கண்டார்கள்.

மூன்றே ஆண்டில் பலன் கிடைத்தது. 1995இல் வட ஆற்காட்டில் கண்டதுதான் கடைசி. நாற்பதாண்டு முயற்சியின் கடைசி அடியை எடுத்து வைத்தது மருந்து மட்டுமல்ல, எதை எண்ணுவது என்ற தெளிவும்தான்.

நிறுத்துவதுதான் கடினம்

அதற்குப் பிறகு வந்தது இன்னும் சங்கடமான கட்டம். நோய் இல்லை என்பதை நிரூபிக்க வேண்டுமானால் தடுப்பூசியை நிறுத்த வேண்டும். ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் எதிர்ப்புப் பொருள் இருக்கும், நோய் கண்டு பிழைத்த மாட்டின் ரத்தத்திலும் இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த நாளில் வழியில்லை. ஊசியை நிறுத்தி, அதன் பிறகு பிறந்த கன்றுகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, அதில் எதுவும் இல்லை என்றால்தான் கிருமி ஊரைவிட்டுப் போனது உறுதி.

ஆனால் ஒரு கால்நடைத் துறை அதிகாரியின் இடத்தில் இருந்து பாருங்கள். தன் காலம் முழுக்க ‘ஊசி போடு, ஊசி போடு’ என்று சொன்னவர், இப்போது ‘போடாதே’ என்று உத்தரவிட வேண்டும். கணக்கு ஓரிடத்தில் தப்பினாலும் எதிர்ப்புச் சக்தியே இல்லாத கோடிக்கணக்கான மாடுகள் நோய்க்கு முன்னால் நிற்கும். பழி அவர் தலையில் விழும். ஊசியைத் தொடர்ந்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இந்தியா நிறுத்தத் துணிந்தது. ரத்த மாதிரிகள் ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்டன. 2004இல் நோயற்ற நாடு என்றும், 2006இல் நோய்க்கிருமியே இல்லாத நாடு என்றும், 1924இல் பாரிஸில் தொடங்கிய அந்த உலகக் கால்நடை நல அமைப்பு அங்கீகரித்தது.

உலகின் மற்றப் பக்கம் கதை இன்னும் சாகசமானது. சூடான், எத்தியோப்பியா, உகாண்டாவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது, பல இடங்களில் துப்பாக்கிச் சண்டை. ஐஸ் பெட்டியோடு மருத்துவர் போக வழியில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜெஃப்ரி மரைனரும் அவரோடு இருந்தவர்களும் ப்ளோரைட் தடுப்பூசியை உறைய வைத்து உலர்த்தும் முறையை மாற்றி, குளிர்பதனம் இல்லாமல் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும்படி செய்தார்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்ல, அந்தந்த மேய்ச்சல் சமூகத்தின் ஆட்கள்தான். எந்த மந்தை எந்தப் பருவத்தில் எங்கே இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சற்றே பயிற்சி கொடுத்து, ஊசியைக் கையில் கொடுத்தார்கள். நோய் பிடிபட்டது. 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளிடம் கண்டதே உலகில் கடைசியாகப் பதிவான வெக்கை.

இன்று அந்தக் கிருமி சில ஆய்வுக்கூடங்களின் உறைபெட்டிகளில் மட்டும் இருக்கிறது. அங்கிருந்தும் தப்பிவிடக் கூடாது என்பதால், மரபணு வரிசையைப் பதிவு செய்துகொண்டு மாதிரிகளை அழித்துவருகிறார்கள். இங்கிலாந்தின் பிர்பிரைட் நிறுவனம் தன்னிடமிருந்த ஆயிரக்கணக்கான மாதிரிகளின் கடைசித் தொகுதியை 2019இல் அழித்தது. பாதுகாத்து வைக்க அனுமதி பெற்ற உலகின் ஒருசில நிலையங்களில் ஒன்றாக போபாலில் உள்ள நம் நாட்டின் உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் 2025இல் சேர்ந்தது.

ஏன் செய்தியாகவில்லை?

ஊடகங்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இதில் வேறொரு முடிச்சு இருக்கிறது.

1995இல் வட ஆற்காட்டில் அந்த மாடுகளைப் பார்த்த கால்நடை மருத்துவருக்கு, இதுவே இந்தியாவின் கடைசி வெக்கை என்று தெரிந்திருக்க வழியே இல்லை. அடுத்த வாரம் பக்கத்து ஊரில் வரும் என்றுதான் நினைத்திருப்பார். கடைசி என்பது பல ஆண்டுகள் எதுவும் நடக்காமல் போன பிறகு, திரும்பிப் பார்த்துச் சூட்டும் பட்டம். நடந்த அன்று செய்தி இல்லை. செய்தி என்று தெரிந்த அன்று நடந்தது பழங்கதை. விபத்துக்கும் கைதுக்கும் தேதி உண்டு, நேரம் உண்டு. நோய் இல்லாமல் போனதற்கு அது கிடையாது.

பயன் பெற்றவர்களையும் காட்ட முடியாது. சாகாமல் போன மாட்டைப் படம் எடுக்க முடியுமா? வேலூர்ப் பக்கத்தில் இன்று காலை கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வரும் பெண்ணுக்கு, தன் தொழுவம் எதிலிருந்து தப்பியது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தடுப்பு வேலையின் தலையெழுத்து அது. நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. கோட்டைவிட்டால் ஊருக்கே தெரியும்.

கால்நடைத் துறைக்கு நம் பொதுப்பேச்சில் மதிப்புக் குறைவு என்பதும் உண்மை. மனித மருத்துவத்தின் பெரிய பெயர்களைப் பள்ளிப் புத்தகம் சொல்லித்தருகிறது. எட்வர்ட்ஸும் ப்ளோரைட்டும் எந்தப் பொது அறிவுப் போட்டியிலும் வருவதில்லை.

சத்தமில்லாமல் நடந்த இன்னும் சில

*நரம்புச் சிலந்தி:* அசுத்தமான குளத்து நீரைக் குடித்தால் உடலுக்குள் போய், ஓராண்டு வளர்ந்து, காலில் கொப்புளமாகி, இரண்டடி மூன்றடி நீளப் புழுவாக வெளியே வரும். குச்சியில் சுற்றி, நாள்கணக்கில் இழுத்து எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இருந்த நோய்தான். இதற்கும் மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. படிக்கிணறுகளை மாற்றியும், தண்ணீரைத் துணியில் வடிகட்டக் கற்றுக்கொடுத்துமே இந்தியா இதை ஒழித்தது. கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000இல் சான்று கிடைத்தது. 1986இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2024இல் வெறும் 15 பேருக்கு வந்தது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய அமைப்புக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

*பச்சிளங்குழந்தைகளின் ரண ஜன்னி:* சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடி அறுப்பது போன்ற காரணங்களால் வரும் இந்நோயால் 1988இல் உலகில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்ததாக மதிப்பீடு. கர்ப்பிணிகளுக்கு டி.டி. ஊசி, ஆஸ்பத்திரியில் பிரசவம் என்ற இரண்டும் பரவ, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே இந்நோயை இந்தியா இறக்கியது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதி செய்தது.

*யாஸ்:* தோலையும் எலும்பையும் அரிக்கும் நோய். சாலை போகாத பழங்குடி ஊர்களில் மட்டும் இருந்தது. குணமாக்க ஒரே ஒரு பென்சிலின் ஊசி போதும். அந்த ஊசி அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் பிரச்சினை. 1996இல் ஒடிசாவின் கோராபுட்டில் தொடங்கிய தேடல், 2016இல் ‘யாஸ் இல்லாத நாடு’ என்ற முதல் அங்கீகாரத்தை இந்தியாவுக்குப் பெற்றுத் தந்தது.

*ஈயம் கலந்த பெட்ரோல்:* குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் இந்தப் பெட்ரோலை இந்தியா 2000இல் நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியதோடு, உலகின் எந்த பங்க்கிலும் கார்களுக்கு அது கிடைப்பதில்லை.

தெரியாமல் இருப்பதன் விலை

இந்தக் கதைகளைச் சொல்வது மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்பதற்காக அல்ல. ‘அரசாங்கம் கைவைத்தது எது உருப்பட்டிருக்கிறது?’ என்பது நம் ஊரில் பழமொழி அளவுக்குப் பழகிவிட்ட பேச்சு. அதை நம்பிவிட்டால், உருப்பட வேண்டியதைக் கேட்டு வாங்கும் எண்ணமும் போய்விடும். வெக்கை ஒழிந்தது தெரிந்தவருக்கு, அடுத்த நோய் ஏன் இன்னும் ஒழியவில்லை என்று கேட்கத் தோன்றும். தெரியாதவருக்கு, கால்நடைக்கு நோய் வருவது தலைவிதி.

அந்த அடுத்த நோய் நம் கண்முன்னால்தான் இருக்கிறது. ஆட்டுக்கொல்லி. கால்நடைத் துறையினர் பி.பி.ஆர். என்பார்கள். வெக்கையின் வைரஸ் குடும்பம்தான். காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல், இருமல், சாவு என்று ஏறக்குறைய அதே வரிசை, இந்த முறை செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும். இந்தியாவில் அது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அரசூர் கிராமத்தில். அதற்கு முன் ஆடுகளில் இப்படி நோய் கண்டால், வெக்கை என்றே நினைக்க இடமிருந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அரசூரில் எடுத்த கிருமியைக் கொண்டே ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. ‘அரசூர் 87’ என்பதே அந்தக் கிருமி ரகத்தின் பெயர். ஒருமுறை போட்டால் பல ஆண்டுகளுக்குக் காக்கும் தடுப்பூசிகள் இந்த நோய்க்கு உண்டு.

2030க்குள் ஆட்டுக்கொல்லியை உலகிலிருந்தே ஒழிப்பது என்று சர்வதேச அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. மாடுகளின் கோமாரிக்கும் புருசெல்லோசிஸ் எனும் கன்றுவீச்சு நோய்க்கும் எதிராக இந்திய அரசு 2019இல் 13,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தனித் திட்டமே தொடங்கியது. 2013இல் தமிழ்நாட்டில் கோமாரி பரவியபோது தொழுவங்களில் கேட்ட அழுகையை மறந்தவர்கள் இருக்க முடியாது. அந்தச் சாவு செய்தியானது. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும் ஊசி முகாம் செய்தியாவதில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்து ஏறக்குறைய 1.4 கோடி. இவற்றில் பெரும்பகுதி பண்ணையில் இல்லை. நிலமில்லாத குடும்பத்தின் வாசலில் கட்டிக்கிடக்கிறது. பள்ளிக்கூடச் செலவு வந்தால் ஒன்று, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒன்று என்று விற்றுச் சமாளிக்கும் பெண்களின் கையிருப்பு அது. விலையில்லா ஆடு வாங்கியவர்களில் பலரும் அவர்களே. பட்டிக்குள் ஆட்டுக்கொல்லி நுழைந்தால் ஒரே வாரத்தில் அந்தக் கையிருப்பு கரைந்துவிடும்.

வெக்கையின் அனுபவம் இங்கே அப்படியே பொருந்தும். எத்தனை லட்சம் ஊசி போட்டோம் என்ற புள்ளிவிவரத்தோடு திருப்தியாகிவிடக் கூடாது. எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில், எத்தனை பட்டியில் நோய் கண்டது என்று கேட்க வேண்டும். மாட்டுச் சந்தையைப் போலவே ஆட்டுச் சந்தையும் நோயின் வழி. கிடை போடும் கீதாரிகள் மந்தையோடு மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவர்கள். முகாம் நடக்கும் நாளில் அவர்கள் அந்த ஊரில் இருக்க மாட்டார்கள். சூடானில் செய்தது போல, அவர்கள் போகும் பாதை தெரிந்தவர்கள் கையில் வேலையைக் கொடுத்தால்தான் விட்டுப்போன ஆடுகளை எட்ட முடியும். கால்நடை மருந்தகங்களில் காலியாகக் கிடக்கும் பணியிடங்களை நிரப்புவதும் இதில் சேரும். வெக்கையைத் தேடிப் பிடித்தது இயந்திரம் அல்ல, ஊர் ஊராக நடந்த ஆட்கள்.

செய்தியாளர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மாவட்டப் பக்கத்தில் ‘தடுப்பூசி முகாம் நடைபெற்றது, அதிகாரிகள் கலந்துகொண்டனர்’ என்ற நாலு வரியோடு நிறுத்தாமல், போன ஆண்டைவிட நோய் குறைந்ததா என்று ஐந்தாவது வரியைக் கேட்டு எழுதலாம். ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னும் எளிய வேலை. பக்கத்தில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போய், ஆட்டுக்கொல்லிக்கு ஊசி எங்கள் ஊருக்கு எப்போது என்று கேட்பது. புதிதாக வாங்கிய ஆட்டைச் சில நாள் தனியே கட்டிவைத்துப் பார்ப்பது. அடுத்தடுத்து ஆடு செத்தால் மறைத்து விற்காமல் தகவல் சொல்வது.

ஆட்டுக்கொல்லிக்குப் பலியாகும் கடைசி ஆடு எந்த ஊருடையது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஊசி எப்போது என்று கேட்கிற ஊர்களில் அந்த நோய் முதலில் முடியும் என்று சொல்லிவிடலாம்.